தார்நாகா ஸ்டாப்பில் நாலு நிமிஷம்

“நாலு நிமிஷம் கிடைச்சாப் போதும்,” என்றார் உமாசங்கர்.

“எதுக்கு?”

“இருக்கு ஒரு விஷயம். நாலே நிமிஷம். அஞ்சுகூட நக்கோ, வேண்டாம்.”

“என்னைக் கேக்கறீங்களா?”

“உன்னைக் கேட்டு எங்க கிடைக்கப் போகுது? நீ ஜடை போட்டு முடிக்கவே இருபது நிமிஷம். நான் இஞ்சினைக் கேக்கறேன்.”

“அது என்ன சொல்லுதாம்?”

“தரேன், ஆனா முதல்ல என்னைப் பிரிச்சுப் பாருங்குது.”

இந்தப் பேச்சு நடந்தது 1999ஆம் வருடம் ஜூலை மாதம், குஷாய்குடாவில், எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழே. என் கணவர் உமாசங்கர் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரில் அவருடைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். நான் இரண்டாவது படியில் காபி டம்ளருடன். கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நாலு நிமிஷம் எதற்கு என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் காலைப் பொழுது எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. டெஸ்டிங் பிரிவில் டெக்னீஷியன். ஏழரைக்குச் சங்கு ஊதும். ஊதி முடிந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் போய் நின்றால் அரை நாள் லீவு போய்விடும். எனக்கு மாதாப்பூரில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனியில் புரோகிராமர் வேலை. கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. தார்நாகாவுக்கு ஏழு பதினாலுக்கு வரும். அந்த டிரைவர் மணி பார்த்து ஓட்டுபவர், பதினாலு என்றால் பதினாலுதான்.

வீட்டிலிருந்து தார்நாகா ஒன்பது கிலோமீட்டர். மௌலாலி வழியாகப் போய், ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலத்தைத் தாண்டி என்னை இறக்கிவிடுவார். திரும்பிப் போய்ச் சேர அவருக்குப் பத்தொன்பது நிமிஷம். ஆகவே ஏழு பத்துக்கு அவர் அங்கிருந்து கிளம்பியே ஆகவேண்டும். நான் இறங்குவேன், பையைக் கையில் கொடுப்பார், “வரட்டா?” என்பார், வண்டி திரும்பிவிடும். இஞ்சினை அணைத்தது கிடையாது. பஸ் வரும்வரை அந்த நாலு நிமிஷம் நான் வேப்ப மரத்தடியில் தனியாக நிற்பேன்.

தனியாக நிற்பதில் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கூட நிற்பதற்கு இன்னும் எட்டுப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருத்தி ரமா. அவளுடைய கணவர் விஸ்வநாத் பத்து மணிக்குத்தான் ஆபீஸ் போவார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவளுடைய சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். இருவரும் பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, மாடியில் காயப்போட்ட துணியை யார் எடுப்பது, அவ்வளவுதான். பஸ் வந்ததும் பையை ஜன்னல் வழியாகக் கொடுப்பார். பஸ் நகர்ந்த பிறகும் அங்கேயே நிற்பார். நான் ரமாவுக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்து அதைத் தினமும் பார்த்தேன்.

எனக்கும் அது வேண்டும் என்று இருந்தது. வீடு இரண்டே அறை. என் மாமியார் கமலம் நல்லவர்தான், ஆனால் அந்த இரண்டு அறையிலும் அவர் காது எட்டாத இடம் கிடையாது. நான் ஆபீசிலிருந்து வந்து சேர எட்டரை ஆகிவிடும். வண்டியில் பேசலாம் என்றால் காற்றிலும் சத்தத்திலும் பாதி பறந்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த மரத்தடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு நாலு நிமிஷம்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் நின்றிருப்பார், அதுதான் சிக்கல். நின்றுவிட்டு, கேட்டுக்கு வெளியே அரை நாள் உட்கார்ந்திருப்பார். அதனால் கேட்கவில்லை.

இந்த நிலையில் அவராகவே வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாலு நிமிஷம் என்றபோது என் மனசு என்ன கணக்குப் போட்டிருக்கும்? ஏழு பத்தும் நாலும் ஏழு பதினாலு. பஸ் வரும் நேரம். சொல்லாமலே புரிந்துகொண்டாரே என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு மட்டும் இரண்டு அப்பளம் அதிகமாகப் பொரித்தேன்.

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஆண்டனி அவருடைய பள்ளிக்கூட நண்பர். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டுவிடுவார். இவர் வண்டியோடு போய்ச் சேருவார். நானும் போவேன். ஆண்டனியின் மனைவி ஆக்னஸ் தூத்துக்குடிக்காரி. அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மீன் நறுக்குவாள்.

ரெண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு என் கணவர் சொல்லிக்கொடுத்தது சமையலறையில், ஒரு எவர்சில்வர் டம்ளரையும் அதற்குள் நுழைகிற ஒரு மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொண்டு. டம்ளர்தான் சிலிண்டர், டப்பா பிஸ்டன். இந்த இஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே வழிகள் வெட்டியிருக்கும். பெட்ரோல் உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. பிஸ்டன் ஏறி இறங்கும்போது தானே அவற்றை மூடித் திறக்கும். புகை போகும் வழியைக் கொஞ்சம் மேலே உயர்த்தினால் அது சீக்கிரம் திறக்கும். இஞ்சின் இன்னும் வேகமாகச் சுழன்று இன்னும் பலம் கொடுக்கும்.

“எவ்வளவு உயர்த்தணும்?”

“ஒன்றரை மில்லிமீட்டர்.”

“அவ்வளவுதானா?”

“அது இஞ்சினுக்கு மாடி கட்டற மாதிரி.”

அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. திங்கட்கிழமை வண்டி ஓட வேண்டுமே என்று ஒவ்வொரு சாயங்காலமும் மறுபடி பூட்டிவிடுவார்கள். சிலிண்டரின் உள்சுவரில் நீல மை தடவி, ஊசியால் கோடு கீறி, உருண்டை அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு, பத்து இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்திப் பார்ப்பார்கள். நான் டார்ச் பிடிப்பேன். சிலிண்டருக்குள் ஒரு பக்கம் ஆண்டனி எட்டிப் பார்ப்பார், மறுபக்கம் இவர்.

“ஏதோ உள்ள பிள்ளை பொறந்திருக்க மாதிரில்லா பாக்கீய,” என்றாள் ஆக்னஸ். “யாரு சாயல்னு சொல்லுங்க.”

“உன் சாயல்தான். சத்தம் ஜாஸ்தி,” என்றார் ஆண்டனி.

நாச்சாரத்தில் ஒரு லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டார்கள். மேல் மூடியை அரை மில்லி சீவினார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டைப் பெரிதாக மாற்றினார்கள். கடைசியாகச் சைலன்சர். வழக்கமான நேர்க்குழாய்க்குப் பதிலாக, நடுவில் வயிறு பெருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய ஒன்றை ஆண்டனியே தகடு வெட்டி வெல்டிங் செய்தார். ஆக்னஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் பாம்பு முழுகாம இருக்கு போலயே,” என்றாள்.

முதல் உதையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கொய்யா மரத்திலிருந்து ரெண்டு கிளி பறந்தது. நீலப் புகை. எரிந்த எண்ணெயின் அந்த வாசனை என் சுடிதாரில் ஏறி, ஆறு வருஷம் இறங்கவே இல்லை. ஆபீசில் ரமா என்னை “பெட்ரோல் பங்க்” என்றுதான் கூப்பிடுவாள்.

புது பிஸ்டன் போட்டால் உடனே விரட்டக் கூடாதாம். முதல் ஐநூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகவே கூடாது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும், அதற்கு ரன்னிங்-இன் என்று பெயர். தினமும் பதினெட்டு கிலோமீட்டர் என்றால் ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரத்தைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஆறரைக்கே கிளம்பிவிடுவோம். புது பிஸ்டனை மேட்டில் திணறவிடக் கூடாது என்று பாலத்தை விட்டு, கீழே ரயில்வே கேட்டில் காத்திருந்து போவோம். வண்டி பூனை மாதிரிப் போகும். சத்தம் குறைவு, காற்று குறைவு. அவர் பேசுவது எனக்கு முழுசாகக் கேட்டது அப்போதுதான். அவருடைய தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்று கேட்டால் போதும். மௌலாலிக் குன்றின்மேல் வெயில் விழும்போது அவர் ஏழாம் கிளாஸில் தெலுங்கில் தோற்றதைச் சொல்வார். லாலாகுடா தாண்டும்போது சைக்கிளில் வேலைக்குப் போகிற ரயில்வேக்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள், மணியடித்துக் கேலி செய்துவிட்டு.

ஒருநாள் சொன்னார்: “மாயவரத்துல உன்னைப் பாக்க வந்தோமே, நான் செருப்பைக் கழட்டும்போதே நீ ஜன்னல்ல நின்னே.”

“நான் எங்க நின்னேன்?”

“ஹவ், நின்னே. பச்சைப் புடவை. அப்புறம் உள்ளேருந்து ஊதாப் புடவைல வந்தே. நான் யாருகிட்டயும் சொல்லலை.”

“ஏன் சொல்லலை?”

“எனக்காக மாத்திக்கிட்டேன்னு நினைச்சேன். தப்பா?”

அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன். வண்டி கொஞ்சம் ஆடிற்று.

திரும்பிப் போகும்போதும் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பதால் அந்த நாட்களில் இன்னும் முன்னாடியே என்னை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் பத்து நிமிஷம் தனியாக நின்றேன். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐநூறு முடிந்துவிட்டால் நாலு நிமிஷம் வரப்போகிறதே. ஆனாலும் மீட்டரில் நானூற்றைம்பது தாண்டியபோது, “இன்னும் ஒரு இருநூறு இப்படியே ஓட்டலாமே, இஞ்சினுக்கு நல்லதுதானே?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஐநூறு போதும்னு ஆண்டனி சொல்லிட்டான்,” என்றார்.

ஐநூறு முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் மட்டும் தார்நாகா போனார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். தார்நாகாவிலிருந்து தொழிற்சாலை கேட் வரைக்கும் மூன்று தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கண் சிவந்து, தலைமுடியெல்லாம் செங்குத்தாக நிற்க வீட்டுக்கு வந்தார்.

“பதினஞ்சு,” என்றார். “மூணு தரமும் பதினஞ்சுக்குள்ள.”

நான் தோசைக் கல்லுக்கு அடியில் அடுப்பை அணைத்தேன். “அப்போ நாளையிலேருந்து?”

“நாளையிலேருந்து நீ நாலு நிமிஷம் கூடத் தூங்கலாம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். என்னை வைத்துக்கொண்டு வேகமாகப் போகப் போவதில்லை. திரும்பும்போதுதான் அவர் தனி ஆள், அதில் நாலு நிமிஷம் மிச்சம். அப்படியானால் வீட்டிலிருந்தே நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பலாம். நாங்கள் போய்ச் சேரவும் பஸ் வரவும் சரியாக இருக்கும்.

“உனக்குத் தூக்கம் போதலை. வண்டில என் முதுகுல சாஞ்சு தூங்கறே. விழுந்துடுவியோன்னு என் ஒரு கை எப்பவும் பின்னாடியே இருக்கு. இனிமே தூங்கு. அங்க போய் மரத்தடில தேவுடு காக்கவும் வேண்டாம். இறங்கினதும் பஸ்.”

அவர் கையில் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்காக என்று தெரிகிறது. அந்த நாலு நிமிஷத்தை எனக்குத்தான் கொடுக்கிறார். நான் கேட்க நினைத்த இடத்தில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்து, “எனக்குத் தூக்கம் வேண்டாம், நீங்க நில்லுங்க” என்று எப்படிச் சொல்வது? “சரிங்க,” என்றேன். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.

திங்கட்கிழமை நாலு நிமிஷம் தாமதமாகவே கிளம்பினோம். பாலம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. பாலத்தில் பாதி ஏறியதும் இஞ்சினின் குரல் இறங்கியது. தொண்டை கட்டினவர் மாதிரி இருமியது. இவர் கியரைக் குறைத்தார், ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வண்டி இரண்டு தரம் உதறிவிட்டு நின்றுவிட்டது.

மறுபடி உதைத்தார். கிளம்பி நாலடி போய் நின்றது.

“நீ இறங்கு சௌமி.”

இறங்கினேன். நான் இறங்கியதுதான் தாமதம், வண்டி ஊளையிட்டுக்கொண்டு ஒரே பாய்ச்சலில் பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டது. நான் குதிகால் செருப்போடு பின்னால் நடந்தேன். சைக்கிளில் பால் கேன்களோடு வந்த ஒருவர், “எக்கண்டம்மா, நேனு திம்புதா” என்றார். ஏறிக்கொள்ளுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். இரண்டு கேனையும் வைத்துக்கொண்டு அவர் பாலத்தை ஏறிவிட்டார்.

உச்சியில் என் கணவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரமாவை ஏற்றிவிட்ட விஸ்வநாத் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பஸ் போயிருந்தது. நான் மூன்று டவுன் பஸ் மாறி ஆபீசுக்குப் பத்து மணிக்குப் போனேன். அவருக்கு அரை நாள் லீவு போயிற்று.

அன்று சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பத்து வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன். லோடு குடுக்காம ஓட்டிப் பாத்துட்டு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறவனை நானே திட்டியிருக்கேன். நானே அதைப் பண்ணியிருக்கேன் பாரு.”

“லோடுங்கறது நானா?”

“அம்பத்தோரு கிலோ,” என்றார் தலை நிமிராமல். “அதைக்கூட நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஓட்டிப் பாக்கும்போது தனியா போயிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, கொஞ்சம் நேரம் கழித்து.

விஷயத்தைக் கேட்டு ஆண்டனி கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாத்தியா, ரெண்டு பேரும் சேந்து பிரம்மச்சாரி வண்டி பண்ணி வெச்சிருக்கோம். இதைக் கல்யாணத்துக்கு முந்தியில்ல பண்ணியிருக்கணும்.” சிரித்து முடித்துவிட்டு நிஜத்தைச் சொன்னார். கூட்டின பலம் முழுவதும் மேல்வேகத்தில் இருக்கிறது. கீழ்வேகத்தில் இருந்த பிடிப்பு போய்விட்டது. மேட்டில் இரண்டு பேரை ஏற்றும்போது வேண்டியது அந்தப் பிடிப்புதான். அராவின இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான். முன்பக்கத்துச் செயின் சக்கரத்தை ஒரு பல் சின்னதாக மாற்றலாம். மேடு ஏறிவிடும். ஆனால் ஓட்டத்தில் வேகம் குறைந்து பழைய நேரத்துக்கே வந்துவிடும்.

“பாலம் வேணுமா, நாலு நிமிஷம் வேணுமா? சேத்து ரெண்டும் கிடைக்காது.”

“பாலம்,” என்றார் இவர். யோசிக்கவே இல்லை.

ஆக்னஸ் என் பக்கத்தில் வந்து, “அந்த நாலு நிமிஷம் நீ கேட்டதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இல்ல. நான் ஒண்ணுமே கேக்கலை.”

“அதான பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சக்கரத்தை மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வண்டி எங்கள் இருவரையும் பாலத்தில் சும்மா தூக்கிக்கொண்டு ஏறும். அங்கே மட்டும் புலி. மற்றபடி பழைய பத்தொன்பது நிமிஷம், பழைய ஏழு பத்து, பழைய “வரட்டா?” ஆறு வருஷம் அப்படியே போயிற்று. நடுவில் மகள் ஸ்மிதா பிறந்தாள். விஸ்வநாத்தும் ரமாவும் அமெரிக்கா போனார்கள். 2005இல் கார் வாங்கினோம். ஆபீஸ் டாக்ஸி வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. தார்நாகா ஸ்டாப்புக்கு வேலையே இல்லாமல் போயிற்று. என் ஆசையும் அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் டாக்ஸி அந்த வேப்ப மரத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பேன்.

வண்டி மாடிப்படிக்குக் கீழேயே இருந்தது. ஞாயிறுதோறும் உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடுவார். எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில், நக்கோ.

2011 செப்டம்பரில் தெலங்கானா கேட்டு அந்தப் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. டவுன் பஸ் ஓடவில்லை. எங்கள் கார் பட்டறையில், ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று பத்து நாளாகக் கிடந்தது. டாக்ஸிகள் வராது என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நகரத்தில் நாலு இடத்துக்கு மட்டும் பஸ் அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்துக்குத் தார்நாகா, காலை ஏழே கால்.

நான் அதைப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் வண்டி மேல் மூடியிருந்த பழைய போர்வையை எடுத்தார்.

ஸ்கூல் இல்லாமல் வீட்டிலிருந்த ஸ்மிதா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஆ டப்பா பண்டி மீதனா? எவரைனா சூஸ்தே நா பருவு போத்துந்தி.”

“அந்த டப்பா வண்டில யார் எங்களைப் பாத்தாலும் உன் மானம் ஒண்ணும் போகாது. உள்ள போய் பாட்டிக்கு மாத்திரை குடு.”

ரோடு காலியாக இருந்தது. அவர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. கேட்டதற்கு, “ரொம்ப நாள் சும்மா இருந்த இஞ்சின், விரட்டக் கூடாது,” என்றார். அந்த எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. அவருடைய தோள் கொஞ்சம் அகலமாகியிருந்தது. முகவாயை வைத்துக்கொண்டேன்.

பாலத்துக்கு முன்னால், “இறங்கணுமா?” என்று கேட்டேன்.

“உக்காரு. அம்பத்தொண்ணுக்கு மேல என்ன, ஒரு இருபது இருக்குமா?”

“பன்னெண்டு.”

“சரி, பன்னெண்டு. இழுக்கும்.”

இழுத்தது. கொஞ்சம் முனகிக்கொண்டே ஏறிவிட்டது. உச்சியில் எதேச்சையாக வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் அதில் மூன்றாக ஆடிக்கொண்டிருந்தது.

“இதை மாத்தக் கூடாதா? ஒண்ணுமே தெரியலையே.”

“அது அப்படித்தான். இஞ்சினைப் பிரிச்சதுக்கு அப்புறம் ஆட்டம் ஜாஸ்தி. முன்னாடியெல்லாம் உன்னை இறக்கிவிட்டுட்டுப் போகும்போது வளைவு வரைக்கும் ஒரே சௌமியாத் தெரிவே. அப்புறம் மூணு சௌமி, நாலு சௌமி. எது நீன்னு பாக்கறதுக்குள்ள வளைவு வந்துடும்.”

நான் முகவாயை எடுத்தேன். “பாப்பீங்களா?”

“கைக்கு நை? பாக்காம என்ன? தினமும்தான்.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த மரத்தடில பையை நெஞ்சோட கட்டிக்கிட்டு நிப்பே. விட்டுட்டுப் போகவே மனசு வராது. அதான் நீ அங்க நிக்கவே வேணாம், இறங்கினதும் பஸ் வரணும்னு பாத்தேன். எங்க நடந்தது? பாலம் விடலை.”

பாலம் இறங்கியது. லாலாகுடா போயிற்று. ஆறு வருஷம் அவர் கண்ணாடியில் என்னைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். நான் மரத்தடியில் நின்று அவருடைய முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாப்பில் மரம் அதேதான். போராட்டக்காரர்கள் மறிப்பார்களோ என்று ஏழெட்டுப் பேர் கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் நின்றிருந்தார்கள். மணி ஏழு ஐந்து. நான் இறங்கினேன். பையைக் கொடுத்தார். இப்போது அவர் ஆபீசர். சங்கும் இல்லை, கேட்டும் இல்லை. ஒன்பதரைக்குள் அட்டையைத் தேய்த்தால் போதும். ஆனாலும் இஞ்சினை அணைக்கவில்லை. கால் கியரிலேயே இருந்தது. வண்டியின் மூக்கு ஏற்கெனவே குஷாய்குடா பக்கம் திரும்பியிருந்தது.

“வரட்டா?” என்றார்.

நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் நின்றது. அந்த இடத்தில் அந்த வண்டி சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“என்ன சௌமி? எதையாவது வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?”

“இல்லை,” என்றேன். பன்னிரண்டு வருஷம் உள்ளேயே வைத்திருந்தது, வெளியே வரும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது.

“பஸ் வர வரைக்கும் என்கூட நில்லுங்க.”